பழனியாத்தாளுக்கு வயது எண்பத்து நான்கு

கோயம்புத்தூர் சாவடி வீதியில் கீரை விற்றுக்கொண்டிருந்த பழனியாத்தாளுக்கு, தொண்ணூற்று நான்காம் வருஷம் தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை பத்து மணி வரைக்கும் வயது ஐம்பத்திரண்டு. பத்தேகாலுக்கு எண்பத்து நான்கு ஆகிவிட்டது. இடையில் இருந்த அந்தக் கால்மணி நேரத்தில் அவளைப் பார்க்க வந்தவர்கள் கொங்கு மண்டல ஜீவகாருண்ய மன்றத்தார்.

மன்றத்தின் தலைவர் ஆறுச்சாமிக்குப் பல்லடம் பக்கம் நாலு கோழிப்பண்ணை இருந்தது. அதனால் மன்றத்தின் சட்டதிட்டத்தில் முட்டைக்கென்று ஒரு தனிப்பிரிவு உண்டு. 'முட்டை உயிரா தாவரமா என்பது ஆராய்ச்சியில் உள்ளது. முடிவு தெரியும்வரை அது தாவரமாகவே கருதப்படும்.' இந்த வாசகத்தை எழுதியவர் செயலாளர் தெய்வசிகாமணி. பத்திரப்பதிவு ஆபீசில் முப்பது வருஷம் மற்றவர்கள் சொன்னதையெல்லாம் பதிவுசெய்து களைத்தவர். ஓய்வு பெற்றதிலிருந்து தான் சொல்வதை மட்டுமே பதிவுசெய்வது என்று முடிவெடுத்திருந்தார்.

மூன்றாமவன் சபரீஷ், தலைவரின் தங்கை மகன். அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு 'வீகன்' ஆகித் திரும்பியிருந்தான். வீகன் என்றால் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடக்கூடாது என்று அவன் கூட்டத்தில் விளக்கியபோது மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நிதானமாகக் குடித்து முடித்த பிறகு, அவனை ஏகமனதாகப் பன்னாட்டுத் தொடர்பாளர் ஆக்கினார்கள். அன்று முதல் அவன் எதைச் சொன்னாலும் அது வெளிநாட்டு விவகாரம் என்று விட்டுவிட வசதியாகிப்போனது.

இந்த மூவரும் சாவடி வீதிக்கு வந்தது இடம் பார்க்க. 'சைவமே சுகம்' என்று எட்டு நாள் வீதிப் புகைப்படக் கண்காட்சி. அறுபது படங்கள் மாட்ட வேண்டும். வீதியின் வடபுறம் நல்ல நிழல். அங்கேதான் பழனியாத்தாளும் இன்னும் ஆறு கீரைக்காரப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்கம்மா, இந்த எடம் எட்டு நாளைக்கு மன்றத்துக்கு வேணுமுங்க" என்றார் தெய்வசிகாமணி.

"எதுக்குங்க சாமி?"

"ஜனங்க கீரை, காய்கறி திங்கோணும்னு பிரச்சாரம் பண்ணப்போறோம்."

"அதத்தானுங்க இருவது வருசமா நானும் பண்ணீட்டிருக்கறேன். கீரேய், கீரேய்னு காலைல இருந்து கத்துறது வேற எதுக்குங்க?"

"நீங்க பண்றது யாபாரம். நாங்க பண்றது தொண்டு. ரெண்டும் ஒரே எடத்துல நடந்தா ஜனங்க கொழம்பிப்போவாங்க."

பழனியாத்தாள் எதிர்ப்பக்கம் பார்த்தாள். கரீம் பாயின் கறிக்கடையில் இரண்டு வெள்ளாடு தொங்கிக்கொண்டிருந்தது. "அப்ப அந்தக் கடையையும் எடுக்கச் சொல்லுவீங்களாட்ட இருக்குது?"

"அது கட்டடம்" என்றார் தெய்வசிகாமணி மரியாதையோடு. "கட்டடத்துக்குப் பத்திரம் இருக்குது. அதுக்கு முன்னால ஒரு பச்சைத் துணி கட்டிப்போடுவோம்."

கீரைக்கடைக்குப் பத்திரம் இல்லை. ஒரு கோணிச்சாக்குதான் இருந்தது. பழனியாத்தாள் அதைச் சுருட்டப்போனாள். அப்போதுதான் தலைவர் அவள் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். வெயிலில் காய்ந்த முகம் என்றாலும் நல்ல களை. பல் முப்பத்திரண்டும் வரிசையாக இருந்தது. கூட வந்திருந்த ஸ்டுடியோக்காரர் வின்ஸ்டனைத் தலைவர் திரும்பிப் பார்த்தார். வின்ஸ்டன் கேமராவைத் திறந்தார்.

"சிரிங்கக்கா. பல்லு தெரியட்டும்."

படம் எடுத்தாயிற்று. செயலாளர் குறிப்பேட்டைப் பிரித்தார். "கறி திங்கறதுண்டா?"

"ஞாயித்துக்கெழமைன்னா அரக்கிலோ எடுப்பமுங்க. நோம்பிக்குக் கெடா வெட்டுனா ரெண்டு நாளைக்கு ஓடும்."

'வாரத்தில் ஆறு நாள் சைவம்' என்று எழுதினார் தெய்வசிகாமணி. தலைவர் எட்டிப் பார்த்தார். "ஆறு நாள்னு எழுதுனா ஏழாம் நாள் என்னன்னு எவனாவது கேப்பான். அந்த நாள் கணக்கெல்லாம் எதுக்கு? சுத்த சைவம்னு போட்டுருங்க." அடித்துத் திருத்தப்பட்டது.

"வயசு?"

"அம்பத்திரண்டுங்க."

தலைவர் முகம் வாடியது. "அம்பத்திரண்டு வயசுல அம்பத்திரண்டு மாதிரி இருக்கறாங்க. இதுல ஜனங்களுக்குச் சொல்றதுக்கு என்ன இருக்குது?"

தெய்வசிகாமணி, பத்திரத்தில் எல்லை திருத்துகிறவரைப்போல மெதுவாகச் சொன்னார். "எம்பத்திநாலு வயசுல அம்பத்திரண்டு மாதிரி இருந்தா?"

"மாமா, அது பொய்யில்லீங்களா?" என்றான் சபரீஷ்.

"மாப்ளே, மொகம் பொய்யா? பல்லு பொய்யா? படம் பொய்யா? எல்லாமே நெசம். மாத்துறது ரெண்டே ரெண்டு எழுத்து. அந்த ரெண்டு எழுத்தால எத்தன ஆட்டோட உசுரு பொழைக்குதுன்னு பாரு." சொல்லிவிட்டு ஆறுச்சாமி பழனியாத்தாளைப் பார்த்துக் கைகூப்பினார். "அம்மா, உங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்களே?"

காரில் வந்த ஒரு மனிதர் தன்னைப் பார்த்துக் கைகூப்புவது பழனியாத்தாளுக்கு அதுதான் முதல் தடவை. எட்டு நாளைக்கு ஒரு பலகையில் எண்பத்து நான்கு என்று இருந்தால் அது தன்னைக் கடித்தா வைக்கப்போகிறது என்று நினைத்தாள். "எழுதிக்குங்க சாமி" என்றாள்.

கண்காட்சி தொடங்கிய அன்று சாவடி வீதியில் ஒரு கட்டுக் கீரை கிடைக்கவில்லை. கீரையின் பெருமையைச் சொல்லும் பலகைகள் மட்டும் வடபுறம் முழுக்க இருந்தன. பலகைகளுக்கு முன்னால் மேசை போட்டு, பம்பாயிலிருந்து வரவழைத்த பிளாஸ்டிக் முட்டைக்கோசும் கேரட்டும் அடுக்கியிருந்தார்கள். நிஜக் காய்கறி எட்டு நாளைக்குத் தாங்காது, அழுகிவிடும், அது சைவத்துக்கே கெட்டபெயர் என்று மன்றம் தீர்மானம் போட்டிருந்தது.

கொல்லாமையை வலியுறுத்தும் பகுதிக்காக வின்ஸ்டன் கரீம் பாய் கடையிலேயே ஒரு தொடையைப் படம் எடுத்திருந்தார். அவர் தொழில் சுத்தமான ஆள். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழ, கொழுப்பு வெள்ளையாகவும் கறி இளஞ்சிவப்பாகவும் மினுங்க, நாலடி உயரத்தில் அந்தத் தொடை வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்தது. ஐந்து பேர் நின்றால் மூன்று பேர், "ஏனுங்க, இது எந்தக் கடைங்க?" என்று தொண்டர்களைக் கேட்டார்கள். தொண்டர்கள் உண்மை பேசப் பழக்கப்பட்டவர்கள். பச்சைத் துணியைக் காட்டினார்கள். எட்டு நாளும் பச்சைத் துணிக்குப் பின்னால் வரிசை நின்றது. செயலாளர் அந்த வரிசையையும் பார்வையாளர் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

பழனியாத்தாளின் படம் நடுவில் இருந்தது. ஆறடி. கீழே: 'திருமதி பழனியாத்தாள். வயது 84. பிறந்தது முதல் சுத்த சைவம். இளமையின் இரகசியம் இலைகளில்!'

ஆறுச்சாமி ஒலிபெருக்கியில் பேசினார். "பெரியோர்களே, நான் உயிர்களிடத்தில் அன்பு வைத்தவன். என் பண்ணையில் பன்னிரண்டாயிரம் கோழிகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் என் கையால் கொன்றதில்லை. லாரியில் ஏற்றி அனுப்புவதோடு என் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவற்றுக்கு என்ன ஆகிறது என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. ஆகவே நான் நினைப்பதில்லை." கைதட்டல் எழுந்தது. விழா முடிவில் எல்லாருக்கும் நெய் ஒழுகும் பொங்கல் கொடுத்தார்கள். சபரீஷ் மட்டும் ஓரமாக நின்று ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தான்.

பழனியாத்தாளின் வீட்டுக்காரர் சுப்பண்ணன் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வயது ஐம்பத்தாறு. மண்டியில் அவரை அந்த வாரம் முழுக்க, "ஏண்டா சுப்பண்ணா, உன்னயவிட இருவத்தெட்டு வயசு மூத்தவளையா கட்டுன?" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போன பழனியாத்தாளை மன்றத்துத் தொண்டர் ஒருவர் மறித்து, கண்காட்சி முடியும்வரை தயவுசெய்து பருப்பு எடுக்கும்படி கேட்டுக்கொண்டார்.

எட்டு நாள் முடிந்தது. ஒன்பதாம் நாள் பழனியாத்தாள் சாக்கையும் கீரையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மற்ற ஆறு பேருக்கும் வீதிக்கடை டோக்கனைப் புதுப்பித்துக் கொடுத்த மாநகராட்சி அதிகாரி, அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் திறப்பு விழா மேடையில் உட்கார்ந்திருந்தவர்.

"பாட்டி, நீங்க எதுக்கு இந்த வயசுல வெயில்ல உக்காரோணும்? அறுவதுக்கு மேல டோக்கன் குடுக்கறதுக்கு ரூல் இல்லீங்க."

"எனக்கு அம்பத்திரண்டுதானுங்க. இந்தாங்க ரேசன் கார்டு."

அவர் கார்டைத் தொடக்கூட இல்லை. "ரேசன் கார்டுல ஆளாளுக்கு வாய்க்கு வந்ததச் சொல்லி எழுதிக்கறாங்க. அங்க ஆறடிக்குப் போட்டிருந்துதே, பெரிய மனுசங்க போட்டது. நானே மேடைல இருந்து கைதட்டுனேன். இப்ப அதப் பொய்யின்னு சொல்லச் சொல்றீங்களா?"

பழனியாத்தாள் கார்டைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். "சரிங்க சாமி. அப்ப முதியோர் பென்சனாச்சும் வாங்கிக் குடுங்க."

"அது ரேசன் கார்டப் பாத்துத்தான் குடுப்பாங்க" என்றார் அதிகாரி. "அதுல அம்பத்திரண்டுன்னு இருக்குதே."

அவள் மன்றத்து ஆபீசுக்கு நடந்தாள். ரேஸ்கோர்ஸ் பக்கம் பெரிய வீடு. தலைவர் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"சாமி, அது நீங்க எழுதுனதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துப்போடுங்க. எம் பொழப்புப் போச்சுங்க."

ஆறுச்சாமி அவளை வருத்தத்தோடு பார்த்தார். "அம்மா, நான் உங்க பக்கந்தான். ஆனா நீங்க இப்ப பழனியாத்தா இல்ல. நீங்க ஒரு கொள்கை. பழனியாத்தாளுக்கு அம்பத்திரண்டு வயசா இருக்கலாம், அது உங்க சொந்த விசயம். கொள்கைக்கு எம்பத்திநாலு. உங்களுக்காகக் கொள்கையோட வயசக் கொறைக்க முடியுங்களா?"

"கொள்கைக்குச் சோறு வேண்டாமுங்க. எனக்கு வேணுமே?"

"அதத்தான் நாங்களும் சொல்றோம். சோறு வேணும், கறி வேண்டாம்." தெய்வசிகாமணி இதைக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது அவளுக்குக் கண்ணாடி போட்ட சட்டத்தில் 'சைவச் செம்மல்' என்று ஒரு பட்டம் கொடுத்து அனுப்பினார்கள்.

சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாவடி வீதி வழியாகத் திரும்பி வந்தவளைக் கரீம் பாய் கூப்பிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு வெகுநேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்ற கடைப்படி சும்மாதான் கெடக்குது. கறி வாங்க வர்றவங்களுக்கு மல்லித்தழை, பொதினா, பச்ச மொளகா எல்லாம் வேணும். அதுக்கோசரம் மார்க்கெட் வரைக்கும் போறாங்க. நீங்க படியில உக்காருங்க. இது வீதியில்ல. எவன் டோக்கன் கேக்கறான்னு பாக்கலாம்."

பழனியாத்தாள் உட்கார்ந்தாள். வியாபாரம் முன்னைக்கு மேலேயே ஓடியது. கறிக்குழம்புக்கு மல்லி வாங்கியவர்கள் அப்படியே இரண்டு கட்டு அரைக்கீரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மன்றம் அறுபது பலகை வைத்துச் செய்ய முடியாததை அவள் கறிக்கடைப் படியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள்.

இதற்கிடையில் கண்காட்சி ஊர் ஊராகப் போனது. பெருந்துறையில் பழனியாத்தாளுக்கு வயது தொண்ணூற்று ஒன்று. தாராபுரத்தில் தொண்ணூற்று ஏழு. ஒவ்வோர் ஊரிலும் முந்தின ஊரைவிட ஒரு படி மேலே போனால்தான் நிகழ்ச்சிக்கு வளர்ச்சி என்று தெய்வசிகாமணி கருதினார். அடுத்தது கொடுமுடி. அங்கே நூற்று மூன்று என்று பெயின்ட் அடித்துக்கூட ஆகிவிட்டது.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் காலை வின்ஸ்டன் சைக்கிளில் வந்து கறிக்கடை முன்னால் இறங்கினார். முகம் சரியில்லை.

"அக்கா, சொல்றதுக்கே கூச்சமா இருக்குது. நீங்க செத்துப்போயிட்டீங்க."

"எப்பங்க?"

"போன வெள்ளிக்கெழம, தூக்கத்துலயே. தாராபுரத்துல ஒரு பத்திரிகைக்காரர் உங்களப் பேட்டி எடுக்கோணும்னு வெரட்ட ஆரம்பிச்சுட்டாரு. நூத்திமூணு வயசுக்காரிய எங்கிருந்து கொண்டாந்து காட்டுவாங்க? கூட்டம் போட்டுத் தீர்மானம் பண்ணிப்போட்டாங்க. ஞாயித்துக்கெழம கொடுமுடில நினைவஞ்சலி. மால போடறதுக்கு எடம் விட்டு எங்கிட்ட படம் கேட்டிருக்கறாங்க."

கரீம் பாய் சிரித்தார். பழனியாத்தாள் சிரிக்கவில்லை. எண்பத்து நான்கு என்று எழுதியதற்கே டோக்கன் போயிற்று. செத்துவிட்டாள் என்று பெரிய மனிதர்கள் மேடை போட்டுச் சொன்னால் ரேஷன் கார்டில் பெயர் இருக்குமா? சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாம் போய்விடும். அந்தக் கார்டு ஒன்றில்தான் அவளுக்கு இன்னும் சரியான வயது இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினாள். ஈரோட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நின்றுகொண்டே இன்னொரு பஸ். கொடுமுடியில் இறங்கும்போது தலை கலைந்து, சேலை கசங்கி, கண் எரிந்து சிவந்திருந்தது. காவிரிக் கரையை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. மேடையில் அவளுடைய ஆறடிப் படம். மாலை. முன்னால் குத்துவிளக்கு. 'சைவத்தின் சிகரம் பழனியாத்தாள் அம்மையார், 103. மறைவு.'

வாசலில் நின்ற தெய்வசிகாமணி அவளைப் பார்த்ததும் ஓடி வந்து வழியை மறித்தார்.

"நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

"நான் சாவலீங்க சாமி. அதச் சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன்."

"மெதுவாப் பேசுங்க. ரெண்டு நிமிசம் மௌன அஞ்சலி நடந்துட்டிருக்குது, கண்ணுக்குத் தெரியலீங்களா?"

எல்லாரும் தலைகுனிந்து நின்றிருந்தார்கள். பழனியாத்தாளும் நின்றாள். பஸ்ஸில் வந்த களைப்பு. சிவந்த கண்ணோடு பார்க்க, அந்த மண்டபத்தில் நெஞ்சுருகி நிற்பவளாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அஞ்சலி முடிந்து உட்காரும்போது பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் அவளையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னாள். "ஏனுங்க, இவங்களுக்கு அதே சாடை!"

மண்டபம் திரும்பியது. தலைவருக்கு வேர்த்தது. ஆனால் ஆறுச்சாமி நாலு பண்ணையை நடத்துகிறவர்.

"பெரியோர்களே!" என்றார் ஒலிபெருக்கியில். "அம்மையாரின் மகள் வந்திருக்கிறார்! அவரை மேடைக்கு அழைக்கிறேன்."

தொண்டர்கள் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். அவளுக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தப்பட்டது. சபரீஷ் கீழேயிருந்து, "மாமா, அது பட்டுப்புழுவக் கொதிக்க வெச்சு..." என்று ஆரம்பித்தான். பன்னாட்டு விவகாரம் பிறகு பேசப்படும் என்று செயலாளர் சைகை காட்டினார்.

"பாவம், அம்மாளவிட மக தளந்துபோய்க் கெடக்கறா" என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். அது தலைவர் காதில் விழுந்தது. அவர் படத்தைப் பார்த்தார். பளிச்சென்ற சிரிப்பு. பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தார். புழுதி. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அம்மணி, வெக்கப்படாமச் சொல்லுங்க. நீங்க கறி திங்கறதுண்டா?"

பழனியாத்தாளுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "திங்கறதுங்க. போன ஞாயித்துக்கெழம கூட."

மண்டபமே உச்சுக்கொட்டியது. ஆறுச்சாமி இரண்டு கைகளையும் விரித்தார். "பார்த்தீர்களா! தாய் சைவம், நூற்று மூன்று வயதிலும் எப்படி இருக்கிறார்! மகள் அசைவம், எப்படி ஆகிவிட்டார்! இதைவிடச் சான்று வேண்டுமா? இனி எல்லா ஊரிலும் தாய்க்குப் பக்கத்தில் மகள் படமும் இருக்கும். வின்ஸ்டன்!"

வின்ஸ்டன் கேமராவோடு வந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். "எடுங்க கண்ணு" என்றாள் பழனியாத்தாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, மைக்கில் விழாமல் கேட்டாள். "இதுல எனக்கு என்ன வயசு போடுவீங்க?"

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்திமூணுங்க."

"அதையே போடறோம்" என்றார் ஆறுச்சாமி பெருந்தன்மையோடு. ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

"அப்ப இன்னொண்ணும் எழுதோணும். இந்தப் பழனியாத்தா உசுரோட இருக்கறான்னு போட்டு, மன்றத்துச் சீல் குத்தி, எனக்கொரு சீட்டும் குடுங்க. ரேசன் கடைல கேட்டா காட்டோணும். இல்லீன்னா இப்பவே இந்த மைக்குல எங்க அம்மா யாருன்னு சொல்லிப்போடுவேன்."

தெய்வசிகாமணி அவசர அவசரமாக எழுதிச் சீல் குத்தினார். சீட்டில் எழுதியதைப் பலகையிலும் அப்படியே எழுதுவது அவருடைய முப்பது வருஷத்துப் பழக்கம். சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பழனியாத்தாள் மதியம் பஸ்ஸைப் பிடித்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கறிக்கடைப் படியில் மல்லித்தழையோடு இருந்தாள்.

பங்குனியில் கண்காட்சி கோபிக்குப் போனது. நடுவில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடதுபுறம்: 'சுத்த சைவம். மறைவு.' வலதுபுறம்: 'கறி உண்பவர். வயது 53. உயிருடன் உள்ளார்.' வயலிலிருந்து நேராக வந்த பங்காரு என்ற விவசாயி இரண்டையும் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். பிறகு மேசைக்குப் போய், பார்வையாளர் கருத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நிறுத்தி நிதானமாக எழுதினார்:

'நல்ல கண்காட்சி. எனக்கு இருந்த சந்தேகம் தீர்ந்தது.'